ஐந்து கட்டங்களும் ஒரு சின்ன ஏர் பிளாஸ்டும்

எந்த நாட்டில் நடக்கும் சண்டை என்று இங்கே சொல்லப் போவதில்லை. சொன்னால் நீங்கள் உடனே ஏதாவது ஒரு பக்கமாகப் போய் உட்கார்ந்துகொள்வீர்கள். பிறகு நான் என்ன சொன்னாலும் காதில் ஏறாது. இது எனக்கு நன்றாகத் தெரியும். இதைத் தெரிந்துவைத்திருப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம் கொடுக்கிறார்கள்.

பெங்களூரில் ஒரு கண்ணாடிக் கட்டடத்தின் நான்காவது மாடியில் எனக்கு வேலை. உலகத்தின் பெரிய செய்தி நிறுவனங்கள் ஐந்து, ஒரே சண்டையை எப்படியெல்லாம் சொல்கின்றன என்று தினமும் படித்து ஓர் அட்டவணையில் நிரப்ப வேண்டும். நிறுவனங்களின் பெயரை வெளியே சொல்லக் கூடாது என்று கையெழுத்து வாங்கியிருக்கிறார்கள். அதனால் அட்டவணையில் ஒவ்வொன்றுக்கும் ஒரு நிறம்: நீலம், சிவப்பு, பச்சை, மஞ்சள், சாம்பல்.

ஒரு சந்தையில் குண்டு விழுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். நீலம் அதைப் 'பாதுகாப்பு நடவடிக்கை' என்று எழுதும். சிவப்பு 'படுகொலை' என்று எழுதி, ஒற்றைச் செருப்பின் படத்தைப் பெரிதாகப் போடும். பச்சைக்கு எண்ணெய் விலை ஏறுமா என்பதுதான் கவலை. மஞ்சள் குண்டு போட்ட விமானியின் அம்மாவிடம் பேட்டி எடுத்துவிட்டு வரும், அந்த அம்மாளும் பாவம், அழுவார். சாம்பல் மட்டும் 'இரு தரப்பும் ஒருவரையொருவர் குற்றம் சாட்டின' என்று எழுதிவிட்டுக் கையைக் கழுவிக்கொள்ளும். சந்தை என்னவோ ஒன்றுதான். செத்தவர்களும் அதே ஆட்கள்தான்.

இதில் எனக்குப் பிடித்த கட்டம், 'கதை எங்கே தொடங்குகிறது' என்பது. ஒருவருக்குச் சண்டை போன வாரம் தொடங்கியிருக்கும். இன்னொருவருக்குத் தாத்தா காலத்தில் தொடங்கியிருக்கும். எங்கே தொடங்குகிறார்கள் என்று பார்த்தாலே யாரைக் குற்றவாளியாக்கப் போகிறார்கள் என்று முதல் வரியிலேயே சொல்லிவிடுவேன். இந்தத் திறமையால் எனக்குத் தலைக்கனம் கொஞ்சநஞ்சமில்லை. மாரிக்குப்பத்தில் காலை ரயில் கிளம்பும்போது ஏறி உட்கார்ந்தால் பங்காருப்பேட்டை வருவதற்குள் பெட்டியில் யாராவது ஒருவருக்கு வகுப்பு எடுத்து முடித்திருப்பேன். சில பேர் நான் ஏறுவதைப் பார்த்ததும் காதில் இயர்போனைச் செருகிக்கொள்வார்கள். அதை நான் தொழில்நுட்பத்தின் தீமை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

வீட்டில் என் கணவர் மட்டும் என்னைச் சரியாக எடைபோட்டிருந்தார். ஒருநாள் என் கையிலிருந்த கண்ணாடி டம்ளர் போய்விட்டது. "டம்ளர் விழுந்து உடைஞ்சிடுச்சு" என்றேன். அதற்கு முந்தைய வாரம் அவர் உடைத்தபோது "நீங்க உடைச்சிட்டீங்க" என்று சொல்லியிருந்தேன். அவர் துடைப்பத்தை எடுத்துக்கொண்டே, "இது இன்னா கலரும்மா, சாம்பலா?" என்று கேட்டார். இரண்டு நாள் அவரோடு பேசவில்லை.

நாங்கள் இருப்பது மைசூர் மைன்ஸில், தங்கச் சுரங்கத் தொழிலாளர்களுக்கு வரிசையாகக் கட்டிய பழைய லைன் வீடுகளில். சுரங்கம் மூடிய பிறகு ஆள்கள் ஒவ்வொரு வீடாகத் தட்டி இடித்துக் கட்டிப் பெரிதாக்கிக்கொண்டாலும் பக்கத்து வீட்டுக்கும் எங்கள் வீட்டுக்கும் நடுச்சுவர் இன்னும் ஒன்றுதான். பக்கத்து வீட்டில் அக்கா இருக்கிறார். கூடப் பிறந்தவர் இல்லை, என்னைவிட நான்கு வயது பெரியவர். ஒரே குழாயடியில் சண்டை போட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். அவர்கள் வேதக்காரர்கள், நாங்கள் இல்லை. அவர் அப்பாவும் என் அப்பாவும் சுரங்கத்தில் ஒரே ஷிஃப்ட்டில், பூமிக்கடியில் ஒரே லெவலில் வேலை செய்தவர்கள். என் அப்பா நான் நான்காவது படிக்கும்போது சுரங்கத்தில் இறந்தார். அதற்குப் பிறகு அக்காவின் அப்பா எங்கள் வீட்டு வாசற்படி ஏறியதே இல்லை. தெருவில் என் அம்மா வந்தால் எதிர்ப்பக்கமாகப் போய்விடுவார். கொஞ்ச நாளில் அவர் மேஸ்திரி ஆனார், பதவி வந்ததும் மனுஷனுக்குக் கண் தெரியவில்லை என்று நான் முடிவுகட்டிவிட்டேன். அவரும் போய்ச் சேர்ந்து பல வருடங்கள் ஆகின்றன.

அக்காவுக்கு ஒரே பெண். நர்சிங் படித்துவிட்டு, அந்தச் சண்டை நாட்டில் ஒரு கடலோர நகரத்தில், நடக்க முடியாத ஒரு வயதான அம்மாளைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்குப் போயிருந்தாள். அவள் போனபோது அங்கே சண்டை இல்லை. அவள் போன மறு வருடம் தொடங்கிற்று. அக்காவின் வீட்டுக்காரருக்கு ஓசூரில் வேலை, வாரக் கடைசியில்தான் வருவார். மற்ற நாட்களில் அக்கா தனியாக டி.வி.க்கு முன்னால் உட்கார்ந்திருப்பார். கன்னடச் சேனலில் காலையிலிருந்து சாயங்காலம் வரை உலகப் போர் நடந்துகொண்டிருந்தது. பின்னணியில் மேளம், திரை முழுக்கத் தீ. ஸ்டூடியோவுக்குள்ளேயே ஒரு ஏவுகணையை நிறுத்திவைத்து அதன்மேல் சாய்ந்துகொண்டு ஒருவர் செய்தி வாசித்தார்.

"இத நம்பாதக்கா" என்று ஒருநாள் டி.வி.யை அணைத்துவிட்டேன். "இனிமே இன்னா வேணும்னாலும் என்னக் கேளு. நான் அஞ்சு பேரப் படிக்கிறேன். எவன் எங்க பொய் சொல்றான்னு எனக்குத் தெரியும்."

அக்கா அந்த வார்த்தையை அப்படியே நம்பினார். அன்றிலிருந்து மைசூர் மைன்ஸில் அந்தச் சண்டைக்கான அதிகாரபூர்வ நிருபர் நான்தான்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து அக்கா வீட்டில் ஏழெட்டுப் பேர் கூடிச் செபமாலை சொல்வார்கள். எதற்காகச் செபிக்க வேண்டும் என்று தெரிய வேண்டாமா? அதனால் என்னையும் கூப்பிட்டார் அக்கா. நான் அட்டவணையை அச்செடுத்து, ஐந்து நிறங்களோடு ஆளுக்கொன்று கொடுத்தேன். 'பதிலடி' என்ற சொல்லுக்கும் 'தாக்குதல்' என்ற சொல்லுக்கும் என்ன வித்தியாசம் என்று முக்கால் மணி நேரம் பேசினேன். பெண்கள் பொறுமையாகக் கேட்டார்கள். ஒருத்தர் கையில் செபமாலை அப்படியே நின்றுபோயிருந்தது. மூலையில் உட்கார்ந்திருந்த ஒரு பென்ஷன்காரர், சுரங்கத்தில் பாறை சரியாமல் மரம் முட்டுக்கொடுக்கும் வேலை பார்த்தவர், காகிதத்தைத் தூரமாகப் பிடித்துப் படித்துவிட்டுக் கேட்டார்:

"இதெல்லாம் சரிம்மா. நம்ம பொண்ணு கீற ஊரு இதுல எந்த கலர்ல கீது?"

நான் அந்த ஊரைப் பற்றி அட்டவணையில் ஒன்றும் இல்லை என்றேன். அது ஒரு சின்ன ஊர், அதனால் அங்கே ஏதாவது ஆனால்தான் வரும் என்றேன். எல்லோரும் நிம்மதியாகக் கண்ணை மூடிச் செபமாலையைத் தொடர்ந்தார்கள். என்னுடைய முக்கால் மணி நேரப் பேச்சிலிருந்து அவர்கள் எடுத்துக்கொண்டது அவ்வளவுதான். எனக்கு வருத்தம். இவர்களுக்கு நுட்பம் புரியவில்லையே என்று கணவரிடம் புலம்பினேன். அவர் கிரிக்கெட்டிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

இந்த இடத்தில் எங்கள் ஊர் வழக்கம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். சுரங்கம் ஓடிய காலத்தில் கீழே ஆழத்தில் பாறை திடீரென்று வெடித்து நொறுங்கும். அதற்கு ஏர் பிளாஸ்ட் என்று பெயர். மேலே வீட்டில் தரை ஒரு குலுக்குக் குலுக்கும், அலமாரியில் இருக்கும் பாத்திரம் கீழே வரும். அப்போது லைனில் உள்ள பெண்கள் யாரையும் எதுவும் கேட்க மாட்டார்கள். முதலில் அடுப்பை அணைப்பார்கள். பிறகு இடுப்பில் பிள்ளையோடு நேராகச் சுரங்கத்துக்குள் இறங்கும் ஷாஃப்ட் வாசலுக்குப் போய் நின்றுவிடுவார்கள். ஆள்களை ஏற்றும் கேஜ் மேலே வரும், ஆள்கள் இறங்குவார்கள், தன் ஆள் இறங்கும்வரை நிற்பார்கள். முக்கால்வாசி நேரம் ஒன்றும் ஆகியிருக்காது. திரும்பி வந்து அடுப்பை மறுபடி மூட்டுவார்கள். யார் என்ன சேதி சொன்னாலும் சரி, போய் நிற்பதுதான் வழக்கம்.

இந்த வழக்கத்தை நான் அலுவலகத்தில் நல்ல விலைக்கு விற்றிருக்கிறேன். புதிதாக வேலைக்குச் சேரும் பிள்ளைகளுக்கு நான்தான் பயிற்சி வகுப்பு எடுப்பேன். அதில் என் அப்பா கதை கட்டாயம் உண்டு. 'எங்கள் தரை ஆடியது. அம்மா அடுப்பை அணைத்துவிட்டுக் கிளம்பினாள். அப்போது ஆபீஸிலிருந்து ஓர் ஆள் வந்து வழியை மறித்தார். ஒண்ணும் இல்லம்மா, சின்ன ஏர் பிளாஸ்ட்தான் என்றார். அம்மா நம்பி உள்ளே போய்விட்டாள். அவள் ஆஸ்பத்திரிக்குப் போனபோது எல்லாம் முடிந்திருந்தது. அதிகாரம் ஒரு சாவை எப்படிச் சின்னதாக்கிக் காட்டும் என்பதை நான் அன்றைக்கே கற்றுக்கொண்டேன்.'

இந்த இடத்தில் நிறுத்தி ஒரு வாய் தண்ணீர் குடிப்பேன். தாகம் ஒன்றும் இருக்காது. பிள்ளைகள் கண்ணைத் துடைத்துக்கொள்ள நேரம் வேண்டுமல்லவா? வருடங்கள் போகப் போக அந்த ஆபீஸ் ஆள் வளர்ந்துகொண்டே வந்தார். முதலில் வெறும் ஆள். பிறகு காக்கிச் சட்டை வந்தது. அடுத்த வருடம் அந்தச் சட்டைக்கு இஸ்திரி போட்டேன். கடைசியாக எடுத்த வகுப்புகளில் அவர் பையில் ஒரு மசிப்பேனாவும் இருந்தது.

அந்த வியாழக்கிழமையும் பதினொன்றரைக்கு எனக்குப் பயிற்சி வகுப்பு. பதினொன்று இருபதுக்கு அக்காவின் போன் வந்தது.

"ஏண்டி, டி.வி.ல பொண்ணு ஊரு பேர சொல்றாங்கடி. ராக்கெட் விழுந்துச்சாமே. அடுப்ப அணைச்சிட்டு உனக்குப் பண்றேன். இன்னா ஆச்சு, பாத்து சொல்லு."

ஐந்தையும் திறந்தேன். அந்த ஊர் பெயர் முதல் முறையாக அட்டவணைக்குள் வந்திருந்தது. நீலம், 'வெடிச்சத்தம் கேட்டதாகத் தகவல்' என்றது. பச்சையில் ஒன்றும் இல்லை. மஞ்சளில் வான் பாதுகாப்பு எப்படி வேலை செய்கிறது என்று படம் போட்டு விளக்கியிருந்தார்கள். சிவப்பு, 'குடியிருப்புப் பகுதி தாக்கப்பட்டது' என்றது. சாம்பல், 'இடைமறிக்கப்பட்ட ஏவுகணையின் சிதறல்கள் திறந்தவெளியில் விழுந்தன, சேதம் இல்லை' என்றது.

ஏதாவது நடந்து முதல் அரை மணி நேரத்தில் வரும் எதையும் நம்பாதே, ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்ளாதே என்று பிள்ளைகளுக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன். அதுதான் வகுப்பின் முதல் பக்கம். அந்தப் பக்கத்தைக் கையில் வைத்துக்கொண்டு, சாம்பலை மட்டும் எடுத்தேன். அக்கா பயப்படக் கூடாது என்று நினைத்தேன். வகுப்புக்கு நேரமாகிறது என்றும் நினைத்தேன். இரண்டில் எது முதலில் வந்தது என்று கேட்டால் இன்றைக்கும் எனக்குப் பதில் சொல்ல வாய் வராது.

"ஒண்ணும் இல்லக்கா. சின்னதா ஏதோ வெடிச்சிருக்கு. காலி எடத்துல விழுந்துச்சு" என்றேன்.

"எல்லாரும் அப்படியேதான் சொல்றாங்களா?"

"எல்லாரும் அதையேதான் சொல்றாங்க."

"அப்பாடா" என்றார் அக்கா. "மாதா காப்பாத்துனா."

நான் போய் வகுப்பு எடுத்தேன். அப்பா கதையைச் சொன்னேன். தண்ணீர் குடித்தேன். ஒரு பெண் பிள்ளை மூக்கை உறிஞ்சினாள். வகுப்பு நன்றாகப் போயிற்று என்றுதான் நினைத்துக்கொண்டு வெளியே வந்தேன்.

இரண்டு மணிக்குச் சாம்பல் தன் செய்தியைச் சத்தமில்லாமல் திருத்தியிருந்தது. திறந்தவெளி போய், 'அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்றின் ஒரு பகுதி' ஆகியிருந்தது. முதலில் தப்பாகச் சொன்னோம் என்று ஒரு வரி இல்லை. கடைசிப் பத்தியில், காயமடைந்தவர்களில் வெளிநாட்டுப் பணியாளர் ஒருவரும் உண்டு என்று இருந்தது. பெயர் இல்லை. எந்த நாடு என்று இல்லை. மற்ற நான்கிலும் அந்த ஒருவரே இல்லை.

அக்காவுக்குப் போன் போட்டேன். எடுத்தார்.

"வா" என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

வயிற்று வலி என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன். பொய்தான், ஆனால் பஸ் ஏறுவதற்குள் நிஜமாகவே வலித்தது. ராபர்ட்சன்பேட்டை வரும்வரை ஐந்து நிறங்களையும் மாற்றி மாற்றித் திறந்து பார்த்துக்கொண்டே வந்தேன். வாழ்க்கையில் முதல் முறையாக எந்தச் சொல் போட்டிருக்கிறார்கள் என்று நான் பார்க்கவில்லை. பதிலடியா, தாக்குதலா, எனக்கு ஒன்றும் வேண்டியிருக்கவில்லை. அந்த ஒருவர் யார் என்று எவனாவது சொன்னால் போதும் என்றிருந்தது. எவனும் சொல்லவில்லை. பென்ஷன்காரர் கேட்டதும் இதைத்தான்.

பஸ் ஸ்டாண்டிலிருந்து ஆட்டோ பிடித்துப் போய் இறங்கும்போது ஐந்தரை மணி இருக்கும். அக்கா வாசலில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். மடியில் போன். என்னைப் பார்த்ததும் எழுந்திருக்கவில்லை.

"உயிரோட கீறா" என்றார். "ஆஸ்பத்திரில கீறா. கையில கண்ணாடி கீறிடுச்சாம்."

 அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டேன். "கடவுளே" என்றேன். நல்ல வேளை என்றேன். இன்னும் என்னென்னவோ சொன்னேன்.

அக்கா போனை என் பக்கம் நீட்டினார். எடுக்காத அழைப்புகள் பதினொன்று. எல்லாம் பெண்ணின் எண். முதலாவது பதினொன்று ஐம்பதுக்கு, கடைசி அழைப்பு ஒரு மணி நாற்பதுக்கு.

"நீ ஒண்ணும் இல்லன்னு சொன்ன பாரு. போன சார்ஜ்ல போட்டுட்டு, ராபர்ட்சன்பேட்ட கோயிலுக்குப் போயிட்டேன், மெழுகுவத்தி ஏத்த. நடந்தே போனேன். நிதானமா ஏத்திட்டு, காய் கூட வாங்கிட்டு வந்தேன்டி. அந்த நேரம் அவ இடிஞ்ச ரூம்ல, கையெல்லாம் ரத்தம், அவ பாத்துக்கற பெரியம்மா பக்கத்துல பேச்சு மூச்சு இல்லாம கெடக்குது. எவனும் உள்ள வரல. என்ன கூப்புட்டுக்கினே இருந்திருக்கா. பதினோரு வாட்டி."

நான் தலையைக் குனிந்துகொண்டேன். ஆனாலும் என் வாய் சும்மா இருக்கவில்லை. தொழில் பழக்கம். "நீ பயப்படக் கூடாதுன்னுதான்கா சொன்னேன்" என்றேன்.

"எங்கப்பாவும் இதத்தான் சொன்னாரு."

"எத?"

"உங்கப்பாவுக்கு அடிபட்ட அன்னிக்கு. உங்கம்மா பயந்துடுமேன்னுதான் சொன்னேன், பயந்துடுமேன்னுதான் சொன்னேன்னு, சாகற வரைக்கும் இதையேதான் சொல்லிட்டிருந்தாரு."

எனக்கு முதலில் புரியவில்லை. "அது ஆபீஸ் ஆளுக்கா" என்றேன்.

"எந்த ஆபீஸ் ஆளு? ஆபீஸ்லேர்ந்து பொழுது சாஞ்சப்புறம்தான் வந்தாங்க. மொதல்ல ஓடி வந்தது எங்கப்பா. ஒடம்பெல்லாம் மண்ணு, சட்டையில்ல. நானு உங்க வீட்டு வாசல்லதான் நின்னுட்டிருந்தேன். உங்கம்மா அடுப்ப அணைச்சிட்டு உன் கையப் புடிச்சிக்கினு வெளிய வந்துச்சு. எங்கப்பா அத நிறுத்தி, ஒண்ணும் இல்லம்மா, சின்ன ஏர் பிளாஸ்ட்தான், சோறாக்கும்மா அவன் வந்துடுவான்னு சொன்னாரு. உங்கம்மா போயி மறுபடி அடுப்பு மூட்டுச்சு. உங்கப்பாவ மேல கொண்டாந்தப்போ உசுரு இருந்துச்சுடி. பேசுனாராம். வூட்டுக்காரி வந்தாளான்னு கேட்டாராம். அதுக்கப்புறம் எங்கப்பா உங்க வீட்டுப் படி ஏறுனத நீ பாத்திருக்கியா?"

பார்த்ததில்லை.

எத்தனை முறை அந்தக் கதையைச் சொல்லியிருப்பேன்! எத்தனை பிள்ளைகளை அழவைத்திருப்பேன்! அன்றைக்கு அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றவள் நான்தான், ஆனால் சொல்லிச் சொல்லி என் நினைவில் மிஞ்சியது நானே வளர்த்த அந்த ஆபீஸ் ஆள் மட்டும். சட்டைகூட இல்லாமல் மண்ணோடு ஓடி வந்த ஒரு மனிதருக்குக் காக்கிச் சட்டை போட்டு, இஸ்திரி பண்ணி, பேனா செருகியிருக்கிறேன். என் அப்பாவோடு கீழே இருந்து, அவரைப் பார்த்துவிட்டு வந்து, என் அம்மாவின் முகத்தைப் பார்த்ததும் வாய் வராமல் போன ஒருவர். அவர் எதிர்ப்பக்கமாக நடந்து போன அத்தனை வருடங்களும் அவருக்குத் தலைக்கனம் என்றேன். ஐந்து நிறக் கட்டங்களை வைத்து உலகத்தையே பிரித்து மேய்ந்த எனக்கு, என் வீட்டு நடுச்சுவருக்கு அந்தப் பக்கம் இருந்த சேதி தெரியவில்லை. வெட்கமாக இருந்தது. அதைவிட அந்த மனிதரை நினைத்து அழுகை வந்தது. இந்த முறை தண்ணீர் குடிக்க வேண்டியிருக்கவில்லை.

"ஏங்கா இத்தன வருஷம் சொல்லல?" என்று கேட்டேன்.

"சொல்லி இன்னா ஆவப் போவுது? நீ வேற ஒரு ஆளத் திட்டிட்டிருந்த. எங்கப்பாவத் திட்டாம இருந்தியேன்னு விட்டுட்டேன்."

அக்காவும் அவர் பங்குக்கு ஒரு செய்தியை அமுக்கிவைத்திருந்தார். அதைச் சொல்லிக்காட்டும் தகுதி எனக்கு இல்லை.  எதிரே சுரங்கக் கழிவு மண் குவிந்த சயனைட் மேட்டின்மேல் வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. உள்ளே குக்கர் ஒரு விசில் விட்டது.

அக்கா முகம் கழுவப் போனபோது அவர் போன் மணி அடித்தது. பெண்தான். நான் எடுத்தேன்.

"சித்தி? அம்மா பக்கத்துல இருக்காங்களா?"

"உள்ள கீறாங்கம்மா. எப்படி இருக்க?"

"சித்தி, நல்லா கேளுங்க. காயத்தப் பத்தி அம்மாகிட்ட கண்ணாடி கீறிடுச்சுன்னு மட்டும்தான் சொல்லிருக்கேன். அப்படியே இருக்கட்டும். ஆனா நாளைக்குக் காலையில எனக்கு ஆபரேஷன். வலது கையில ரெண்டு விரல் காப்பாத்த முடியாதுன்னு சொல்லிட்டாங்க. பெரியம்மா போயிட்டாங்க சித்தி, என் பக்கத்துலயே போயிட்டாங்க." குரல் உடைந்தது. பிறகு அவளே சமாளித்துக்கொண்டாள். "அம்மா தாங்க மாட்டாங்க. நீங்கதான் அழகா எடுத்துச் சொல்லுவீங்களே. சின்ன காயம்தான்னு நீங்களும் சொல்லிடுங்க. நீங்க சொன்னா நம்புவாங்க."

நான் சொன்னால் நம்புவார். அதுதான் எனக்குக் கிலியாக இருந்தது. பாவம், மூன்றாவது தலைமுறையாக அந்த வீட்டில் இன்னொரு ஆள் அதே சேதியை அதே மாதிரி சின்னதாக்கிக் கையில் கொடுக்கிறாள். கொண்டுபோய்ச் சேர்க்கும் ஆள் நான்.

அக்கா முந்தானையில் முகத்தைத் துடைத்துக்கொண்டு வாசலுக்கு வந்தார். "அவளா? இன்னா சொல்றா?"

போனில் அவள், "சித்தி, வேணாம்" என்றாள்.

எனக்குத் தெரிந்த எல்லாச் சொற்களும் வரிசையாக வந்து நின்றன. 'சிறு அறுவை சிகிச்சை.' 'முன்னெச்சரிக்கை நடவடிக்கை.' 'நிலைமை கட்டுக்குள்.' ஐந்து நிறத்திலும் என்னிடம் சரக்கு இருந்தது.

"நாளைக்குக் காலையில ஆபரேஷனாம்கா" என்றேன். "வலது கை. ரெண்டு விரல எடுத்துடுவாங்களாம். அந்தப் பெரியம்மா செத்துட்டாங்க. உன்கிட்ட சொல்ல வேணாம்னு சொன்னா. நான் சொல்லிட்டேன்."

போனில் அவள் அழுவது கேட்டது. அக்கா என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். உட்காருவார் என்று நினைத்தேன், கத்துவார் என்று நினைத்தேன்.

அவர் உள்ளே போய் அடுப்பை அணைத்துவிட்டு வந்து, போனுக்காகக் கையை நீட்டினார்.